மூன்றாம் வகுப்பு குமாஸ்தாக்களும் தேவையில்லாத ஆணிகளும்

'ஃப்ரெண்ட்ஸ்' படம் வந்தது 2001ல. அதுல வடிவேலு ஆணி புடுங்கச் சொன்னதுல இருந்து ஆபீஸ் வேலைக்கு நம்ம மக்கள் வச்ச பேரு 'ஆணி'. "என்னய்யா, ரெண்டு மாசமா கடை பூட்டியே கிடக்கு?"ன்னு யாரைக் கேட்டாலும் "ஆணி ஜாஸ்தி தல"ன்னு ஒரே பதில்தான். கவிதை எழுதிட்டிருந்தவர் நிறுத்தினதுக்கும் அதே காரணம், போட்டோ எடுத்துட்டிருந்தவர் கேமராவைப் பரண்ல போட்டதுக்கும் அதே காரணம். வேலைன்னு ஒண்ணு வந்துட்டா மூளையில இருக்கற சரக்கெல்லாம் ஆவியாயிடும், சம்பளம் வாங்குறவன் புதுசா எதையும் யோசிக்க முடியாதுங்கறது கிட்டத்தட்ட நம்ம எல்லாருக்கும் ஒரு மதம் மாதிரி ஆகிப்போச்சு.

இதுல எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. காரணம், நான் படிக்க வந்திருக்கற இந்த சுவிட்சர்லாந்து. இந்த ஊர்ல நூத்திச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆள் வாரத்துக்கு ஆறு நாள், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கவர்மெண்ட் ஆபீஸ்ல ஆணி புடுங்கிக்கிட்டே இயற்பியலைத் தலைகீழாப் புரட்டிப் போட்டார். அவர் அந்த நாற்காலியை விட்டு எந்திரிச்ச மூணாவது வருஷம், நம்ம சென்னைத் துறைமுகத்துல இன்னொருத்தர் கணக்குப் பிரிவுல வந்து உக்கார்ந்தார். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா 'வேலையும் கற்பனையும்'ங்கற மேட்டர் கொஞ்சம் வேற மாதிரி தெரியுது. அதைத்தான் எழுதப்போறேன். பதிவு நீளம், டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

*

பெர்ன், 1902

ஐன்ஸ்டைன் சூரிச் பாலிடெக்னிக்ல (இப்ப ஈடிஹெச்னு சொல்றோமே, அதேதான்) 1896ல சேர்ந்து 1900ல டிப்ளமா வாங்கினார். கூடப் படிச்சவங்களுக்கு உதவிப் பேராசிரியர் மாதிரி வேலைகள் கிடைச்சுது, இவருக்குக் கிடைக்கலை. பேராசிரியர்களுக்கு லெட்டர் மேல லெட்டர் போட்டார். ஜெர்மனியில ஆஸ்ட்வால்டுக்கு எழுதினார், பதில் இல்லை. 1901ல இவரோட அப்பா, பையனுக்குத் தெரியாம அதே ஆஸ்ட்வால்டுக்குத் தனியா ஒரு லெட்டர் எழுதினார்: பையன் மனசு உடைஞ்சு போயிருக்கான், நாலு வார்த்தை ஆறுதலா எழுதுங்கன்னு. அதுக்கும் பதில் வந்ததாத் தெரியலை. (அதே ஆஸ்ட்வால்ட்தான் பின்னாடி 1910ல நோபல் பரிசுக்கு ஐன்ஸ்டைன் பேரை முதல்முதலா முன்மொழிஞ்சவர். காலம் பண்ற காமெடி.)

விண்டர்தூர்ல கொஞ்ச நாள், ஷாஃப்ஹவுசன்ல கொஞ்ச நாள்னு தற்காலிக வாத்தியார் வேலை. 1902 பிப்ரவரியில பெர்ன் நகரத்துக்கு வந்து, கணக்கும் பிசிக்ஸும் டியூஷன் எடுக்கிறேன், முதல் வகுப்பு இலவசம்னு பேப்பர்ல விளம்பரம் கொடுத்தார். நம்ம ஊர்ல பி.இ. முடிச்சுட்டு டியூஷன் எடுக்கற பசங்களுக்கு இது ரொம்பப் பழக்கப்பட்ட கதைதான்.

கடைசியில வேலை கிடைச்சது எப்படித் தெரியுமா? சிபாரிசுல! கூடப் படிச்ச மார்செல் கிராஸ்மன்னோட அப்பா, பெர்ன் காப்புரிமை அலுவலக இயக்குநர் ஃப்ரீட்ரிக் ஹாலர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னார். 1902 ஜூன் 23 அன்னிக்கு ஐன்ஸ்டைன் வேலையில சேர்ந்தார். பதவி: தொழில்நுட்ப நிபுணர், மூன்றாம் வகுப்பு. சம்பளம் வருஷத்துக்கு 3,500 ஃபிராங்க். அதுவும் தற்காலிகம்தான். நிரந்தரம் ஆனது 1904 செப்டம்பர்ல.

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிடறேன். 'ஐன்ஸ்டைன் வெறும் குமாஸ்தாவா இருந்தார், ஆபீஸ்ல வேலையே இல்லை, அதனால உக்கார்ந்து யோசிச்சார்'னு ஒரு கதை ரொம்ப நாளா ஓடிட்டிருக்கு. அது சரியில்லை. வர்ற விண்ணப்பங்களைப் படிச்சு, வரைபடத்தைப் பார்த்து, 'இந்த மெஷின் உண்மையிலேயே ஓடுமா? இதுல புதுசா என்ன இருக்கு? இதையே இன்னும் சுருக்கமா, துல்லியமா எப்படி எழுதறது?'ன்னு முடிவு பண்ற வேலை அது. ஹாலர் கறாரான மனுஷன். கண்டுபிடிச்சவன் சொல்றது எல்லாமே தப்புன்னு எடுத்துக்கிட்டு ஆரம்பிக்கணும், அவனோட சிந்தனை போற வழியிலயே நீயும் போயிடக் கூடாதுங்கறது அவர் புதுசா வர்றவங்களுக்குக் கொடுத்த பாடம்னு வாழ்க்கை வரலாறுகள்ல எழுதியிருக்காங்க.

யோசிச்சுப் பாருங்க. இருபத்திமூணு வயசுப் பையனுக்கு தினம் எட்டு மணி நேரம், 'பெரிய ஆள் சொன்னாலும் நம்பாதே, அடியில இருக்கற ஒரே ஒரு கருத்தைத் தேடி வெளியே எடு'ன்னு ட்ரெய்னிங் கொடுத்தா, அவன் சாயந்திரம் வீட்டுக்குப் போய் நியூட்டனை மட்டும் சும்மா விடுவானா? :-)

அறிவியல் வரலாற்றாளர் பீட்டர் காலிசன் 2003ல வெளிவந்த புத்தகத்துல இதுக்கு மேல ஒரு படி போறார். அந்தக் காலத்துல கடிகாரங்களை மின்சாரத்தால ஒண்ணோட ஒண்ணு இணைச்சு, ஊர் முழுக்க ஒரே நேரம் காட்ட வைக்கறது சுவிட்சர்லாந்தோட பெரிய தொழில்நுட்பக் கனவு. பெர்ன்லயே 1890ல தெருக் கடிகாரங்களை அப்படி இணைச்சாச்சு. ரயில் ஓடணும்னா ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நேரம் ஒத்துப்போகணுமே! அது சம்பந்தமான விண்ணப்பங்கள் போய்ச் சேர்றது பெர்ன் காப்புரிமை அலுவலகத்துக்குத்தான். தூரமா இருக்கற ரெண்டு கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டுதுன்னு சொன்னா அதுக்கு என்னய்யா அர்த்தம்ங்கற கேள்விதான் சிறப்புச் சார்பியலோட வாசப்படி. வேலையிலேருந்துதான் அந்தக் கேள்வி வந்ததுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, தத்துவப் புத்தகங்களும் மின்காந்தவியலும் அவர் மண்டைக்குள்ள முன்னாடியே ஓடிட்டு இருந்தது. ஆனா அந்த ஆணி அவருக்கு முழுக்கத் தேவையில்லாத ஆணியா இருக்கலைங்கறது மட்டும் நிச்சயம்.

அப்புறம் வந்தது 1905. மார்ச் 17ல ஒளித்துகள் கட்டுரை முடிஞ்சது (நோபல் பரிசு வாங்கித் தந்தது இந்த வேலைதான், 1921க்கான பரிசு, 1922ல அறிவிச்சாங்க). ஏப்ரல் கடைசியில மூலக்கூறு அளவு பத்தின முனைவர் பட்ட ஆய்வேடு. மே மாசம் பிரௌனியன் இயக்கம். ஜூன் 30 அன்னிக்குப் பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தது சிறப்புச் சார்பியல். செப்டம்பர் 27ல, டீ ஷர்ட் எல்லாத்துலயும் போடறாங்களே, ஈ ஈக்வல்ஸ் எம்சி ஸ்கொயர், அதுக்கான மூணு பக்கக் கட்டுரை. வீட்டுல ஒரு வயசுப் பையன், ஆபீஸ்ல வாரத்துக்கு 48 மணி நேரம். பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகலாம்னா, இவர் ஃப்ரீயா இருக்கற நேரத்துல அது மூடியிருக்கும். இதை அவரே பின்னாடி 1907ல இன்னொரு விஞ்ஞானிக்கு எழுதின கடிதத்துல காரணமாச் சொல்லியிருக்கார்.

இவ்வளவும் பண்ண ஆளுக்கு ஆபீஸ்ல என்ன கிடைச்சது? 1906 ஏப்ரல்ல இரண்டாம் வகுப்பு நிபுணரா பதவி உயர்வு, சம்பளம் 4,500 ஃபிராங்க். அதுவும் சார்பியலுக்காக இல்லை. பேட்டண்ட் வேலையை நல்லாப் பண்ணினதுக்கும், டாக்டர் பட்டம் வாங்கினதுக்கும். ஹாலருக்கு அது போதும்.

*

பக்கத்து மேசை ஆள்

சார்பியல் கட்டுரையில ஒரு வேடிக்கை இருக்கு. அதுல மேற்கோள் பட்டியலே கிடையாது. ஆனா கடைசியில ஒருத்தருக்கு நன்றி சொல்லியிருக்கார்: மிக்கேலே பெஸ்ஸோ. இவர் பெரிய விஞ்ஞானியா? இல்லை. எஞ்சினியர். 1904ல அதே காப்புரிமை அலுவலகத்துக்கு வேலைக்கு வந்தவர். சாயந்திரம் ஆபீஸ் விட்டு ரெண்டு பேரும் ஒண்ணா நடந்து வீட்டுக்குப் போவாங்க, வழி முழுக்கப் பேச்சு.

1922ல ஜப்பான்ல கியோட்டோவுல பேசும்போது ஐன்ஸ்டைன் இதை நினைவு கூர்ந்தார். கிட்டத்தட்ட ஒரு வருஷமா முட்டி மோதின சிக்கலை ஒரு நல்ல நாள்ல பெஸ்ஸோகிட்ட கொண்டு போய்க் கொட்டினாராம். எல்லாப் பக்கமும் அலசிப் பேசியிருக்காங்க. பேசிட்டு இருக்கும்போதே சட்டுனு வெளிச்சம். மறுநாள் போய் வணக்கம்கூடச் சொல்லாம 'ரொம்ப நன்றி, முழுசாப் புரிஞ்சிடுச்சு'ன்னு சொன்னாராம். அதுக்கப்புறம் அஞ்சு வாரத்துல கட்டுரை ரெடி.

பெஸ்ஸோவுக்கு முன்னாடி இன்னொரு கூட்டமும் இருந்தது. அந்த டியூஷன் விளம்பரத்தைப் பார்த்து வந்த மாரிஸ் சோலோவின், நண்பர் கான்ராட் ஹாபிக்ட், இவர். மூணு பேரும் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே 'ஒலிம்பியா அகாடமி'ன்னு பேர் வச்சுக்கிட்டாங்க. நிஜ அகாடமிகளைக் கிண்டல் பண்ணி வச்ச பேர். ராத்திரி சீஸ், சாசேஜ், டீயோட ஹ்யூம், மாக், பொயின்கரேன்னு படிச்சு வாதம் பண்றது. நம்ம ஊர் டீக்கடை பெஞ்சுல சிறுபத்திரிகை படிச்சு அடிச்சுக்கற கோஷ்டியை நினைச்சுக்கங்க, அதேதான்.

ஐன்ஸ்டைன் அப்ப குடியிருந்த கிராம்காஸே 49ஆம் நம்பர் வீடு இப்ப மியூசியம். வளைவு வளைவான நடைபாதை வழியா வந்து குறுகலான படிக்கட்டு ஏறிப்போனா, நம்ம மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனத்தை ஞாபகப்படுத்தற மாதிரி ரெண்டு ரூம். அந்த ஜன்னலைப் பார்த்தப்ப எனக்குத் தோணினது அறிவியல் எதுவும் இல்லை, 'இங்க ராத்திரி குழந்தை அழுதா தப்பிச்சு ஓடறதுக்கு இடமே இல்லையே'ங்கறதுதான். அந்த விஷயத்துக்கு அப்புறம் வர்றேன்.

*

சென்னை, 1912

இப்ப நம்மாளுக்கு வருவோம். ஈரோட்டுல 1887ல பிறந்து கும்பகோணத்துல வளர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர மத்த எல்லாத்துலயும் கோட்டை விட்டு எஃப்.ஏ. தேறாதவர். 1909ல கல்யாணம் ஆச்சு, வேலை இல்லை. நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு திருக்கோவிலூர்ல டெபுடி கலெக்டரா இருந்த, இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பிச்ச வி.ராமசாமி ஐயரைப் பார்த்தார். அப்படியே ஆள் விட்டு ஆள் போய் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாசம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1912 தொடக்கத்துல அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸ்ல கொஞ்ச வாரம் 20 ரூபாய் சம்பளத்துல தற்காலிக வேலை. அப்புறம் பிப்ரவரி 9ல சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பம். மார்ச் 1 அன்னிக்கு வேலையில சேர்ந்தார். கணக்குப் பிரிவு குமாஸ்தா, மூன்றாம் வகுப்பு, நாலாவது கிரேடு. சம்பளம் மாசம் 30 ரூபாய்.

கவனிச்சீங்களா? அங்கயும் மூன்றாம் வகுப்பு, இங்கயும் மூன்றாம் வகுப்பு! அங்கயும் சிபாரிசு, இங்கயும் சிபாரிசு.

வித்தியாசம் என்னன்னா, ஐன்ஸ்டைனோட வேலை அவர் மூளைக்குத் தீனி போட்டது. ராமானுஜனோட வேலை போடலை. துறைமுகக் கணக்குப் புத்தகத்துல கூட்டல் சரி பார்க்கறதுலேருந்து முடிவிலித் தொடர் எதுவும் பிறக்காது. அவருக்கு அந்த வேலை கொடுத்தது வேற ரெண்டு விஷயம். ஒண்ணு, மாசம் பொறந்தா வந்து விழற முப்பது ரூபாய். இன்னொண்ணு, நாராயண ஐயர்.

எஸ்.நாராயண ஐயர் அந்த ஆபீஸ்ல ராமானுஜனுக்கு மேலதிகாரி. அதோட கணிதக் கழகத்தோட பொருளாளர், அவரே கணக்கு ஆள். ராத்திரி திருவல்லிக்கேணியில அவர் வீட்டுல ரெண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டு வச்சுக்கிட்டு உக்காருவாங்களாம். காகிதம் வாங்கக் காசு கட்டுப்படியாகாம சிலேட்டுல போட்டு முழங்கையால அழிச்சு அழிச்சுப் போட்டவர் ராமானுஜன். பத்துப் படியில வரவேண்டிய விடையை ரெண்டே படியில தாண்டிப் போயிடுவார். "எனக்கே புரியலை, மத்தவங்களுக்கு எப்படிப் புரியும், படிகளைச் சேர்த்து எழுதுங்க"ன்னு நாராயண ஐயர் மல்லுக்கட்டினதாச் சொல்வாங்க. அவர்தான் துறைமுகத் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் காதுல விஷயத்தைப் போட்டு, வெள்ளைக்கார அதிகார வட்டத்துக்கு அதைக் கொண்டு போனார்.

1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ்ல இருந்த ஹார்டிக்குப் போன கடிதம் எல்லாருக்கும் தெரியும். அதுல தன்னை அறிமுகப்படுத்திக்கிட்டது எப்படின்னு பாருங்க: வருஷத்துக்கு இருபது பவுன் சம்பளம் வாங்கற துறைமுகக் கணக்குப் பிரிவு குமாஸ்தான்னு. தன்னோட ஆணியைத்தான் விசிட்டிங் கார்டா நீட்டினார். ஹார்டியோட பதில் பிப்ரவரி 8ல கிளம்பிச்சு. அதே மாசம் 25ஆம் தேதி வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தப்ப ஸ்பிரிங் நோட்டுப் புத்தகத்தைக் காட்ட, வாக்கர் பல்கலைக்கழகத்துக்கு எழுத, 1913 மே 1லேருந்து மாசம் 75 ரூபாய் உதவித்தொகை. துறைமுகத்துல உக்கார்ந்தது மொத்தம் பதினாலு மாசம். 1914 மார்ச் 17ல கப்பல் ஏறிட்டார்.

ரெண்டு குமாஸ்தாக்களையும் சேர்த்துப் பார்த்தா எனக்குத் தெரியற பொதுக் காரணி வேலையோட சுவாரஸ்யம் இல்லை. வயித்துக் கவலை அடங்கறது ஒண்ணு. வேலை ஆபீஸ் வாசல்லயே முடிஞ்சு போறது ரெண்டு (ராத்திரி பத்து மணிக்கு ஹாலர் போன் பண்ணி 'அந்த ஃபைல் என்னாச்சு'ன்னு கேக்க முடியாது, கைபேசி இல்லாத காலம்). சொல்றதைக் காது கொடுத்துக் கேக்கற ஒரே ஒரு ஆள் பக்கத்துல இருக்கறது மூணு. கடைசியா, குறுக்கே விழாத மேலதிகாரி.

ஐன்ஸ்டைன் செத்துப்போன 1955ல எழுதின சுயகுறிப்புல, அந்தப் பிழைப்பு வேலை தனக்கு ஒரு வரம்னே சொல்றார். பல்கலைக்கழகத்துல இருந்திருந்தா வருஷத்துக்கு இத்தனை கட்டுரைன்னு உற்பத்தி பண்ண வேண்டியிருக்கும், அது மேலோட்டமான வேலைக்கு ஆசை காட்டும்ங்கறது அவர் வாதம். 1933 அக்டோபர்ல லண்டன் ஆல்பர்ட் ஹால்ல பேசும்போது, இளம் விஞ்ஞானிகளைக் கலங்கரை விளக்கத்துல காவல் வேலைக்கு வைக்கலாமேன்னுகூட யோசனை சொன்னார். ஆராய்ச்சி மாணவனா மாசத்துக்கு எத்தனை பக்கம் எழுதினேன்னு கணக்குக் காட்டிட்டிருக்கற எனக்கு அதைப் படிச்சப்ப கண்ணு வேர்த்துருச்சு. எங்கிருக்கு அந்தக் கலங்கரை விளக்கம், அப்ளிகேஷன் எங்க போடணும்?

நம்ம இலக்கியத்துலயும் இது உண்டு. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவுல பண்ணின வேலைகள்ல ஒண்ணு, பேப்பர்ல வர்ற செய்திகளைக் கத்தரிச்சு ஃபைல்ல ஒட்டி வைக்கறது. வேலையே இல்லாத ஆள்னு பார்க்கறவங்க நினைப்பாங்களாம். அந்த மேசையிலேருந்து அவர் பார்த்துக்கிட்டே இருந்த சினிமா உலகம்தான் பின்னாடி அவர் எழுத்துல வந்து உக்கார்ந்தது.

*

மேலதிகாரி குறுக்கே விழாம இருக்கறது எப்படி

இதெல்லாம் பழைய காலம், இப்ப நடக்குமான்னு கேக்கறீங்களா? இதே ஊர்ல பின்னாடி நடந்த ரெண்டு கதை.

சூரிச் பக்கத்துல ரூஷ்லிகான்ல ஐ.பி.எம். ஆய்வுக்கூடம். அலெக்ஸ் மூல்லர், கேயார்க் பெட்நோர்ஸ்னு ரெண்டு பேர் 1983 வாக்குல ஆக்சைடுகள்ல மீகடத்தி தேட ஆரம்பிச்சாங்க. மண்பாண்டம் மாதிரி இருக்கற, சாதாரணமா மின்சாரமே சரியாப் போகாத வகையைச் சேர்ந்த பொருள்ல போய் மீகடத்தியாங்கற காலம் அது. ரெண்டு வருஷத்துக்கு மேல வெறும் தோல்வி. ஊரைக் கூட்டிச் சொல்லாம, மத்த வேலைகளுக்கு நடுவுல அமைதியாப் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. 1986 ஜனவரியில லாந்தனம், பேரியம், தாமிரம் கலந்த ஒரு ஆக்சைடு 35 கெல்வின் பக்கத்துல மீகடத்தியா மாற ஆரம்பிச்சது. அதுவரைக்கும் சாதனை 23 கெல்வின் சொச்சம்தான், அதுவும் 1973லேருந்து நகராம நின்னது. மறுவருஷமே, 1987ல, நோபல். அதுக்கு முந்தின வருஷ நோபல்ல ஒரு பங்கும் அதே கூடத்துக்குத்தான், ஊடுருவல் நுண்ணோக்கிக்காக பின்னிக், ரோரர் ரெண்டு பேருக்கும்.

ரெண்டாவது கதை ஜெனீவா எல்லையில இருக்கற செர்ன். டிம் பெர்னர்ஸ்-லீ அங்க மென்பொருள் ஆள், நம்ம இனம்! செர்ன்ல ஆளுங்க சராசரியா ரெண்டு வருஷம் இருப்பாங்க, போவாங்க, அவங்க மண்டையில இருந்த தகவலும் கூடவே போயிடும். இந்த எரிச்சலைத் தீர்க்க 1989 மார்ச்ல ஒரு திட்டம் எழுதி மேலதிகாரி மைக் செண்டால்கிட்ட கொடுத்தார். செண்டால் அது மேல, கொஞ்சம் தெளிவில்லை, ஆனா பரபரப்பா இருக்குங்கற மாதிரி ரெண்டு மூணு வார்த்தை கிறுக்கினார். அதிகாரபூர்வத் திட்டமா அது ஏறலை. ஆனா செண்டால் கொல்லவும் இல்லை. 1990ல புது நெக்ஸ்ட் கணினி ஒண்ணு வாங்க அனுமதிச்சு, அதைச் சோதனை பண்ற சாக்குல உன் திட்டத்தையும் எழுதிப் பாரேன்னு விட்டார். அந்த வருஷக் கடைசியில உலகத்தோட முதல் வலை வழங்கி அந்தப் பெட்டியில ஓடிச்சு. 1993 ஏப்ரல் 30ல செர்ன் அதை எல்லாருக்கும் இலவசம்னு எழுதிக் கொடுத்தது. நாம இங்க உக்கார்ந்து மொக்கை போடறது அந்தக் கிறுக்கலோட புண்ணியத்துல.

ஹாலர், ஸ்பிரிங், செண்டால் மூணு பேரும் படைப்பாளிகள் இல்லை. 'கிரியேட்டிவிட்டி வொர்க்‌ஷாப்' நடத்தி, கலர் கலரா சீட்டு ஒட்டச் சொன்னவங்களும் இல்லை. செய்யற வேலையைச் சரியாச் செய்ய வச்சாங்க, மிச்சத்துக்குக் கொஞ்சம் கண்ணை மூடிக்கிட்டாங்க. அவ்வளவுதான்.

*

யாரோட நேரம்?

இப்ப அந்தக் கிராம்காஸே வீட்டுக்குத் திரும்புவோம். எட்டு மணி நேரம் ஆபீஸ், எட்டு மணி நேரம் தூக்கம், மிச்சம் எட்டு மணி நேரம் பிசிக்ஸ்னா, சமைச்சது யாரு? துவைச்சது யாரு? மிலேவா மாரிச். அதே சூரிச் பாலிடெக்னிக்ல அதே வகுப்புல கணக்கும் இயற்பியலும் படிச்ச பொண்ணு. இறுதித் தேர்வுல 1900லயும் 1901லயும் தேறலை, ரெண்டாவது தடவை எழுதும்போது வயித்துல குழந்தை. 1905 கட்டுரைகள்ல அவங்க பங்கு என்னங்கற சண்டை இன்னும் ஓயலை, பெரிய பங்கு இருந்ததுன்னு காட்ட வலுவான ஆதாரம் இல்லைன்னுதான் பெரும்பாலான வரலாற்றாளர்கள் சொல்றாங்க. ஆனா அந்த எட்டு மணி நேரம் யாரோட கணக்குலேருந்து வந்ததுங்கறதுல சண்டையே தேவையில்லை.

சென்னையிலயும் அதேதான். வேலை தடைப்படக் கூடாதுன்னு ராமானுஜனுக்குச் சோத்தைப் பிசைஞ்சு கையில வச்ச கதையை எல்லாரும் நெகிழ்ச்சியாச் சொல்வோம். பிசைஞ்ச கை யாரோடதுன்னு கேக்கறதில்லை. அவரோட மனைவி ஜானகி அம்மாள் 1920லயே விதவை ஆகி, தையல் வேலை செஞ்சு பிழைச்சு, 1994 வரைக்கும் இருந்தாங்க. 'ஆணி ஜாஸ்தி'ன்னு நாம சொல்லும்போது வீட்டுல இன்னொருத்தர் புடுங்கற ஆணிகளையும் எண்ணிப் பார்க்கறது நல்லது.

இந்த ஊர்ல எனக்குப் பழக்கமான ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை இருக்கார். 1983க்கு அப்புறம் இங்க வந்த ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர்கள்ல ஒருத்தர். அகதி விண்ணப்பம் முடிவாகாம வருஷக்கணக்கா இழுத்த காலத்துலேருந்து ரெஸ்டாரண்ட் சமையலறையிலதான் வேலை. வாரயிறுதியில தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நாடகம் எழுதி, பழக்கி, மேடை ஏத்துவார். எப்படி அண்ணை நேரம் கிடைக்குதுன்னு கேட்டதுக்குச் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "கைதானே தம்பி கோப்பை கழுவுது, மண்டை சும்மாதானே கிடக்கு."

கேக்க நல்லா இருக்கு. ஆனா அடுத்த வரியையும் சொன்னார். "ஆனா ஒண்டு, பன்ரெண்டு மணித்தியாலம் நிண்டு போட்டு வந்தா மண்டையும் கோப்பை மாதிரித்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைச்ச பிறகுதான் எழுதத் துவங்கினனான்."

ஐன்ஸ்டைன் கதையைத் தன்னம்பிக்கைப் புத்தகமா மாத்தி 'நேரமில்லைன்னு சொல்லாதே, அவரால முடிஞ்சது உன்னால முடியாதா'ன்னு சவுண்டு விடறவங்க தவறவிடற இடம் இதுதான். வாரத்துக்கு 48 மணி நேரம்னா 48 தான். நிரந்தர வேலை, கட்டுப்படியாகற வாடகை, ஒரு நண்பன், வீட்டு வேலையைச் சுமக்க இன்னொரு ஆள். இவ்வளவும் இருந்தப்புறம்தான் மேதைமை உள்ள நுழைஞ்சுது. இதுல ஏதாவது ஒண்ணு இல்லாம எத்தனை மூன்றாம் வகுப்பு குமாஸ்தாக்கள் ஓய்வு பெற்று, ஒரு நோட்டுப் புத்தகம்கூட மிச்சம் வைக்காமப் போயிருப்பாங்க?

சரி, நாம என்ன பண்றது? என் சிறுமூளைக்கு எட்டினது இவ்வளவுதான். வேலையை மாத்த முடியலைன்னா அந்த வேலை எந்தத் தசையை வளர்க்குதுன்னு பாருங்க. அடுத்தவன் கோடுல பிழை தேடற ஆளுக்குத் துப்பறியும் கதை எழுத வரும். கஸ்டமர் கேர்ல திட்டு வாங்கறவங்களுக்கு வசனம் எழுத அவ்வளவு சரக்கு கிடைக்கும். வேலை ஒண்ணுமே தரலைன்னா அதை வாசலோட நிறுத்துங்க, ராமானுஜன் மாதிரி. ராத்திரி சிலேட்டு தனி, பகல் பேரேடு தனி. கொஞ்சம் அதிகாரம் கையில இருக்கறவரா இருந்தா, உங்களுக்குக் கீழ இருக்கற பையன் நீட்டற அரைகுறைத் திட்டத்தைக் குப்பையில போடறதுக்கு முன்னாடி செண்டாலை ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க.

ஐன்ஸ்டைன் ஆகறதும் ராமானுஜன் ஆகறதும் நம்ம கையில இல்லை. ஆனா பெஸ்ஸோ வேலைக்கும் நாராயண ஐயர் வேலைக்கும் எப்பவும் ஆள் தேவை இருக்கு. படிப்பு வரம்பு, வயசு வரம்பு எதுவும் கிடையாது. சாயந்திரம் நடந்து வீட்டுக்குப் போகும்போது பக்கத்துல வர்ற ஆள் உளர்றதைக் கேட்டு, "எனக்குப் புரியலை, இன்னும் ரெண்டு படி சேர்த்துச் சொல்லு"ன்னு சொல்லத் தெரிஞ்சா போதும். உங்க ஆபீஸ்ல அப்படி யாராவது இருக்காங்களா? இல்லைன்னா நீங்க யாருக்காவது அப்படி இருக்கீங்களா? சொல்லுங்க மக்களே, நிஜமாவே தெரிஞ்சுக்க ஆசை.